சூத்திரத்தை வாசித்தலும் சோதித்தலும்: புளியங்குடி எலுமிச்சைத் தோட்ட நீர்க்கணக்கை முன்வைத்து

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் சூத்திரங்களுக்கு விளக்கம் தேடி மாணவர்கள் இன்று சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நாடுகின்றனர். குறியீடுகளுக்கு அவை தமிழிலேயே பொருள் சொல்கின்றன. ஆங்கிலக் கட்டுரையின் முன் தயங்கி நின்ற தமிழ்வழி மாணவருக்கு இது பெரிய திறப்பு. ஆயினும் குறியீட்டின் பொருள் தெரிந்துவிட்டால் சூத்திரம் புரிந்துவிட்டதாகாது. அலகு, எல்லைநிலை, எண் ஆகிய மூன்று வழிகளில் வாசகர் தாமே சோதித்த பிறகுதான் செயலியின் விளக்கத்தை ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் உள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தோட்டம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட முனையும் ஆய்வாளர் பென்மன்–மான்டீத் சமன்பாட்டைச் சந்தித்தே தீர்வார். பென்மன் 1948இல் இதற்கு அடித்தளமிட்டார். மான்டீத் 1965இல் இலைத்துளைகளின் தடையை அதில் சேர்த்தார். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998இல் அதைத் தரப்படுத்தி வெளியிட்டது. மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலைவழி நீராவிப்போக்கும் சேர்ந்த மொத்தத்தை, 12 செ.மீ. உயரப் புல்வெளி ஒன்றை அளவுகோலாகக் கொண்டு, அது மில்லிமீட்டரில் தருகிறது.

முதலில் அலகுச் சோதனை. கதிர்வீச்சு உறுப்பின் முன்னே 0.408 என்ற எண் நிற்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும், 0.408 அதன் தலைகீழி. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நீர் என்பது ஒரு மில்லிமீட்டர் உயர நீர் என்பதால், ஆற்றல் நீராக மாறும் இடம் இதுவே.

அடுத்து எல்லைநிலை. காற்றின் வேகம் தொகுதியிலும் வருகிறது, பகுதியிலும் வருகிறது. வேகத்தைச் சுழியாக்கினால் வெயில் மட்டுமே மிஞ்சும். வேகத்தை வரம்பின்றிக் கூட்டினாலோ விடை கட்டுக்கடங்காமல் ஏறாது. வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், நீராவி அழுத்தக் குறை 1.5 கிலோபாஸ்கல் என்று கொண்டால், ஏறத்தாழ 13 மில்லிமீட்டரில் அது முட்டி நிற்கும். எத்தனை காற்று அடித்தாலும் இலைத்துளை விடும் அளவுக்கு மேல் நீர் போக முடியாது என்பதே காரணம். "இந்தக் குறியீடு எது?" என்று கேட்பவருக்குச் செயலி "காற்றின் வேகம்" என்று சொல்லி முடித்துவிடும். "அது ஏன் இரண்டு இடத்தில் வருகிறது?" என்று கேட்பவர்தான் மான்டீத் செய்த திருத்தத்தின் உட்பொருளைத் தொடுகிறார்.

மூன்றாவது எண். காற்றின் குறியீட்டுக்குக் கீழே உள்ள சிறிய 2, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தைக் குறிக்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டும்போது பல வேளைகளில் இக்கீழ்க்குறி சிதைந்து, பெருக்கல் எண்போல் ஆகிவிடும். வானிலை நிலையங்களிலோ காற்றுமானி பொதுவாக 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே பதிவாகும் வேகத்தை 0.748ஆல் பெருக்க வேண்டும். மேற்சொன்ன நிலையில் நிகரக் கதிர்வீச்சு 15 மெகாஜூல், 10 மீட்டர் உயரக் காற்று நொடிக்கு 6 மீட்டர் எனக் கொள்வோம். திருத்திக் கணக்கிட்டால் சுமார் 6.9 மில்லிமீட்டர், திருத்தாவிட்டால் 7.3. புல்வெளி அளவை எலுமிச்சை இனத்துக்கு மாற்றும் பயிர்க்கெழு 0.65ஆல் பெருக்கிய பின்னும் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1,000 லிட்டருக்கு மேல் வேறுபடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கிணற்றை நம்பிய தோட்டத்துக்கு இது சிறிய தொகையன்று.

இச்சோதனைகளையும் செயலியையே செய்யச் சொல்லலாமே என்ற மறுப்பு எழக்கூடும். சொல்லலாம், பெரும்பாலும் செய்துவிடும். ஆனால் சரியான விடையையும் தவறான விடையையும் அது ஒரே உறுதியான தொனியில் சொல்கிறது. மேலும், தரவு தந்த காற்றுமானி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது கட்டுரையிலும் இல்லை, செயலியிடமும் இல்லை. அதைத் தெரிந்து சொல்ல வேண்டியவர் ஆய்வாளரே.

ஆகவே ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் செயலிகளுக்குத் தடை விதிப்பதைவிட, எடுத்தாளும் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் இம்மூன்று சோதனைகளையும் மாணவர் தம் கையால் செய்து இணைக்க வேண்டும் என விதிப்பதே பயன் தரும். அந்த இணைப்பைப் பார்த்தே, விளக்கத்தை மாணவர் வாசித்தாரா, புரிந்துகொண்டாரா என்று நெறியாளர் பிரித்தறிய முடியும்.