பூனை ஓட்டிப் பார்த்த மெஷின்

நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது வெக்கைக்கு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குதெண்டால் கதை வேற. ஆஸ்துமாவோ, நெஞ்சுக்குள் நீர் கட்டியிருப்பதோ, இதயநோயோ, காரணம் எதுவானாலும் மிருக வைத்தியர் முதலில் தேடுவது ஒட்சிசனைத்தான். முகத்தில் மாஸ்க்கை வைத்தால் பூனை திமிறும். திமிறினால் உடம்பில் மிஞ்சியிருக்கிற ஒட்சிசனும் செலவாகிவிடும். அதனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, உள்ளே ஒட்சிசனைக் கூட்டுகிறார்கள். வெளிக்காற்றில் 21 வீதம், பெட்டிக்குள் 40 வீதமளவு.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு படி இருக்கிறது. 2020இல் எஸ்.பி.பி. சென்னையில் வைத்தியசாலையில் கிடந்தபோது எங்கட வீடுகளிலும் எல்லாரும் சொன்ன சொல், 'எக்மோ'. நுரையீரல் கைவிட்டால் இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற மெஷின். அதன் பூட்டன் முதலில் உயிர்காத்தது பூனைகளில்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் கிப்பன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர், நுரையீரல் நாடி இரத்தக்கட்டியால் அடைபட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுக்க இருந்தார். அவர் பிழைக்கவில்லை. அந்த இரத்தத்தை வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்ற ஏலாதோ என்ற யோசனை கிப்பனை விடவில்லை. மூத்தவர்கள் பெரிதாக ஊக்கம் கொடுக்கவில்லை. ஆய்வுகூடத்தில் கூடவே நின்றது மனைவி மேரி, தொழில்நுட்பவியலாளர். சுழலும் உருளையின் உட்சுவரில் இரத்தம் மெல்லிய படலமாய் வழிய, சுற்றியிருக்கும் ஒட்சிசன் அதில் ஏறும். அவ்வளவுதான் தத்துவம்.

அந்த உருளையால் கொஞ்ச இரத்தத்துக்குத்தான் ஈடுகொடுக்க முடிந்தது. அதனால் சின்ன உடம்பு தேவைப்பட்டது. கிப்பன் இரவில் மீனும் சாக்குமாகத் தெருப்பூனை பிடிக்கப் போனாராம். மிருகவதைத் தடுப்புச் சங்கமே அப்போது அந்த நகரில் வருடம் 30,000 பூனைகளைக் கொன்றது என்று பின்னாளில் சொன்னார். பெயரைப் பாருங்கோ, வேலையைப் பாருங்கோ! எப்படியும் சாகப்போகிறவைதானே என்ற அந்த நியாயம் எனக்குச் செமிக்கவில்லை. ஆனால் அந்தப் பூனைகள் இல்லாமல் அடுத்த பந்தி இல்லை என்பதும் உண்மை.

1935இல் ஒரு பூனையின் நுரையீரல் நாடியை இறுக்கி அடைத்தும், மெஷினின் தயவில் அது உயிரோடிருந்தது. கணவனும் மனைவியும் கட்டிப்பிடித்து ஆய்வுகூடத்துக்குள்ளேயே ஆடினார்களாம். 1939இல், மெஷினைக் கழற்றிய பிறகும் பிழைத்த பூனைகளைப் பற்றி எழுதினார். பிறகு யுத்தம். 1953 மே 6, பிலடெல்பியாவில் இதயத்தில் ஓட்டையிருந்த 18 வயதுப் பெண்ணுக்கு அந்த மெஷின் 26 நிமிடம் இதயமாகவும் நுரையீரலாகவும் வேலை செய்தது. அவர் பிழைத்தார்.

நான்கு கிலோப் பூனையின் உடம்பில் இருப்பது ஏறக்குறைய கால் லீற்றர் இரத்தம். மனிதருக்கென்று வளர்ந்த மெஷினின் குழாய்களை நிரப்பவே அது காணாது. சின்ன உடம்பு என்றுதான் அன்று பூனையைப் பிடித்தார்கள்; இன்று அதே சின்ன உடம்புதான் தடை. மூச்சுத் திணறுகிற பூனைக்கு இப்போதும் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிதான்.