ஆய்வு மாணாக்கர் விதி: சொற்பொருள் உரை

இவ்விதி என் நுதலிற்றோ எனின், அறிவியல் துறைகளிற் புகுந்து முனைவர் பட்டம் கருதி ஆய்வு மேற்கொள்வார்க்கும் அவர்க்கு நெறியாளராய் நிற்பார்க்கும் உரிய ஒழுகலாறு உணர்த்துதல் நுதலிற்று. பிற துறையார்க்கும் இஃது ஒக்குமாயினும், ஈண்டு ஆய்வுக்கூடத்தாரை நோக்கியே உரை வரையப்படுகின்றது. செய்தார் யாரோ எனின், பல்கலைக்கழக மானியக் குழுவினர். காலம், 2022ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அரசிதழில் வெளிவந்தது. 2016ஆம் ஆண்டு விதிகளை நீக்கி அவற்றின் இடத்தைக் கொண்டது. மூலம் ஆங்கிலத்தில் விரிந்து கிடத்தலின், அதன் கருத்துக் குன்றாவண்ணம் தமிழிற் சுருக்கி முன்வைத்துப் பின்னர்ச் சொற்பொருள் கூறப்படும்.

கற்பார் முதற்கண் ஒன்று உளங்கொள்க. விதி என்றவுடன் அது தம்மைக் கட்டும் கயிறு எனக் கொண்டு, சேர்ந்த நாளிற் கையொப்பமிட்டு மூடிவைத்தபின் அதனை மீளத் திறவாதார் பலர். இதன்கண் ‘செய்க’ எனும் ஏவல் மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று. நெறியாளர்க்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவிற்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியது. யார்க்கு ஏவியது என்பதைச் சொல்தோறும் நோக்குவார்க்கே இதன் பொருள் விளங்கும்.

“சேர்ந்த நாள்முதல் குறைந்தது மூன்று ஆண்டு, மிக்கது ஆறு ஆண்டு, பாடநெறியும் அதனுள் அடங்கும்.”

இது காலம் கூறுகின்றது.

சேர்ந்த நாள்முதல் என்பது, அனுமதி பெற்ற நாளைத் தொடக்கமாகக் கொண்டு என்றவாறு. தலைப்பு உறுதியான நாள் என்றாதல் முதற்சோதனை நிகழ்ந்த நாள் என்றாதல் கூறாமையின், வெளிநாட்டினின்று வரவேண்டிய வேதிப்பொருட்குக் காத்திருந்த திங்களும், பழுதுற்ற கருவி சீராகும்வரை வறிதே கழிந்த திங்களும் இக்கணக்கினுள் வந்துவிடும் என்பது பெற்றாம். ஆகவே, கொள்முதற் படிவம் எழுதுதலும் கருவிக்கு முறை கேட்டுப் பதிதலும் ஆய்வுக்குப் புறம்பாய சில்வேலை எனக் கருதற்க. அவையும் ஆய்வின் உறுப்பே.

குறைந்தது என்றது ஏன்? விரைந்து முடிப்பார்க்கு அது தடையன்றோ எனின், அற்றன்று. அறிவியலில் ஒரு முடிவை ஒருகாற் கண்டது கண்டதாகாது. மீளச் செய்தும் அதுவே வரக் காண்டல் வேண்டும். பிழைத்த சோதனை ஏன் பிழைத்தது எனத் தேர்தற்கும் காலம் வேண்டும். அக்காலத்தை மாணாக்கர்க்கு உறுதி செய்தது இச்சொல்.

மிக்கது ஆறு ஆண்டு என்பது எல்லை. மறுபதிவினால் மேலும் இரண்டு ஆண்டு கூடும். அவ்வாறு கூடியவிடத்தும் எட்டினைக் கடவாது. மகளிர்க்கும், 40 விழுக்காட்டின் மிக்க மாற்றுத்திறன் உடையார்க்கும் பின்னும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. அவர்க்குப் பத்து ஆண்டு முடிந்த எல்லை. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக, ஆய்வுக்காலம் முழுமைக்கும் 240 நாள்வரை மகளிர்க்கு விடுப்பும் வழங்கலாம் என்றனர். இவ்விடுப்பைக் கேட்க நாணி ஆய்வையே கைவிட்டார் உளர். விதியிற் சொல்லப்பட்டதைக் கேட்டல் இரத்தலன்று என அவர்க்கு எடுத்துரைத்தல் துறையிலுள்ளார் கடன்.

இவ்வெல்லையினாற் போந்த குறிப்புப்பொருள் ஒன்றுண்டு. நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்று மலைகளில் 2006இல் பூத்தது மீளப் பூத்தது 2018இல். ஒரு பூப்பினை மறுபூப்போடு ஒப்பிடுவேன் என ஒரு தாவரவியல் மாணாக்கர் துணிவாராயின், தளர்வெல்லாம் கூட்டினும் அவர்க்கு அக்காலம் எய்தாது. வினா பெரிதாதல் குற்றமன்று; காலத்துக்கு அடங்குமாறு அதன் ஒரு கூற்றை வரைந்து கொள்ளாமையே குற்றம். அங்ஙனம் வரைந்து கொடுத்தல் நெறியாளர் தொழிலாதலின், காலவிதி மாணாக்கரை நோக்கியது போன்று நின்று நெறியாளரையும் நோக்கிற்று என்க.

“பேராசிரியர்க்கு எண்மர், இணைப் பேராசிரியர்க்கு அறுவர், உதவிப் பேராசிரியர்க்கு நால்வர், மேற்செல்லற்க.”

இது நெறியாளர்க்குரிய அளவு கூறுகின்றது. எண்மர், அறுவர், நால்வர் என்பன ஒரு காலத்து ஒருவர்கீழ் இருக்கத்தக்க தொகை. மேற்செல்லற்க என்பது நெறியாளரை நோக்கிய விலக்கு. ஒருவரது கண் எத்துணைக் குறிப்பேடுகளின்மேற் செல்லும் என்பதற்கு அளவுண்டு ஆதலின் இவ்வாறு வரையறுத்தார். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டு நிரம்பாதார் புதிய மாணாக்கரை ஏற்றலாகாது என்பதும் இவ்வினத்தது. நடுவழியில் மாணாக்கர் துணையின்றி நிற்றல் கூடாது என்பது கருத்து. சேர்வதன்முன் இவ்விரண்டையும் வினவி அறிதல் மரியாதைக் குறைவாகாது.

“பாடநெறி 12 கிரெடிட்டிற் குறையாது, ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறமும் அதனுள் இடம்பெறும், 55 விழுக்காடு பெற்றாரே தொடர்வர்.”

பெற்றாரே என்புழி ஏகாரம் பிரிநிலை. அறம் என்பதனை முறையியலோடு ஒருங்கு வைத்தமை நோக்குக. கருவியைக் கையாளக் கற்பதும், அக்கருவி தந்த எண்ணைத் திரிக்காமை கற்பதும் ஒரே பயிற்சியின் இரு கூறு எனக் கொண்டார். ஏனைய வெளிப்படை.

“ஆய்வாளர் பருவந்தோறும் குழுமுன் தோன்றித் தம் பணியை விளக்கி, மதிப்பீட்டிற்கும் மேல்வழி காட்டுதற்குமாகச் சுருக்க அறிக்கை தருக. குழுவின் பரிந்துரையில் ஒரு படி ஆய்வாளர்க்கும் தரப்படும். முன்னேற்றம் போதாதாயின் அதன் காரணத்தைக் குழு பதிந்து, திருத்தும் வழியும் கூறுக. அத்திருத்தத்தை ஆய்வாளர் செய்யாதவிடத்தே, உரிய காரணங்காட்டிப் பதிவு நீக்கத்தைப் பரிந்துரைக்கலாம்.”

இஃது இவ்விதிக்கு உயிர்நிலை. ஆதலின் விரித்துரைக்கப்படும்.

குழு என்றது ஆய்வு ஆலோசனைக் குழுவினை. துறைகளில் இதனை டாக்டோரல் கமிட்டி எனவும் டி.சி. எனவும் வழங்குப. பருவந்தோறும் என்பது செமஸ்டர்தோறும் என்றவாறு. தொறு என்னும் இடைச்சொல் இடையறாமை குறித்து நின்றது. ஒரு பருவம் விட்டு மறுபருவத்தில் இரண்டையும் சேர்த்து முடித்தல் இதற்குப் பொருந்தாது.

தோன்றி என்பது, தாமே குழுவின்முன் சென்று என்றவாறு. தாளைச் சுற்றுக்கு விட்டு அறைதோறும் கையொப்பம் பெறுதலைச் சிலவிடத்துக் காண்கின்றோம். அது வழக்கமேயன்றி விதியன்று. தோன்றுதலும் விளக்குதலும் மாணாக்கரது கடமை என்பது சொல்லால் நின்றது. கேட்டல் குழுவினரது கடமை என்பது குறிப்பால் நின்றது. தம்மிடத்து அமைந்து கேட்பார் நால்வர் ஆறு திங்கட்கு ஒருமுறை கிடைத்தல் ஆய்வு செய்வார்க்கு எத்துணைப் பெரும்பேறு என்பதைத் தனித்து உழன்றார் அறிவர்.

மதிப்பீட்டிற்கும் மேல்வழி காட்டுதற்கும் என நோக்கம் இரண்டு கூறினார். முன்னது மட்டும் கூறியிருப்பின் இஃது ஒரு தேர்வாய் முடியும். மாணாக்கர் குறையை மறைத்து நிறையையே காட்ட முயல்வர். பின்னதும் உடன்வந்தமையின், எங்கே தடைப்பட்டேன் எனக் கூறுதலும் இவ்வவைக்கு உரித்தாயிற்று. படிகம் வளரவில்லை, மூன்றுமுறை செய்தும் விளைபொருள் தூய்மை பெறவில்லை, அளவீட்டில் இரைச்சல் நீங்கவில்லை என்பனவற்றைச் சொல்லத்தக்க இடம் இதுவே.

சுருக்க அறிக்கை என்புழிச் சுருக்கம், எழுதுவதன் அளவுக்கே அடை. அதன் அடிப்படைக்கு அன்று. நாளிட்டு எழுதிய ஆய்வுக்கூடக் குறிப்பேடு விரிந்து கிடந்தாலன்றிச் சுருக்குதற்குப் பொருள் இராது. நினைவிலிருந்து எழுதியதைக் குழுவில் ஒருவர் ‘இவ்வெப்பநிலை எத்துணை?’ என ஒரு வினா வினவ, அறிக்கை முழுதும் சரிந்துவிடும்.

ஆய்வாளர்க்கும் என்னும் உம்மை எச்சவும்மை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுவதேயன்றி ஆய்வாளர்க்கும் என்றவாறு. மூலத்தும் இவ்வும்மைக்கு நேரான சொல் உளது. ஓரெழுத்து அளவிற்றாயினும் இதன் ஆற்றல் பெரிது. தம்மைக் குறித்து அவை யாது எழுதிற்று என்பதை அறியாத ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்வது எங்ஙனம்? நான்கு ஆண்டு ‘நன்று, தொடர்க’ என வாயாற் கேட்டு, ஐந்தாம் ஆண்டில் ‘தொடக்கமுதலே போதாது’ எனக் கேட்கும் அவலம் இவ்வும்மை காக்கப்படுமிடத்து நிகழாது. ஆகலின், படி தரப்படாதவிடத்து அதனைப் பணிவொடு எழுத்தில் வேண்டிப் பெற்று நாள்வரிசையில் வைத்துக் கொள்க.

முன்னேற்றம் என்பது யாது? எதிர்பார்த்த முடிவு வருதலே முன்னேற்றம் எனக் கொள்வார் உளர். விதி ‘முடிவு’ என்னாது ‘முன்னேற்றம்’ என்றது. ஒரு கருதுகோள் பொய்த்தது என ஐயமற நிறுவியவர் முன்னேறியவரே. வழி ஒன்று அடைபட்டது எனத் தெளிந்தமையின். மெய்த்ததுபோற் காட்ட எண்ணை ஒதுக்கியவரே பின்னிட்டவர்.

காரணத்தைப் பதிந்து என்றமையான், காரணமின்றிப் போதாது எனல் குழுவிற்கு ஆகாது. திருத்தும் வழியும் என்புழி உம்மை, காரணங் கூறி அமைதலும் ஆகாது என்பது உணர்த்திற்று. நோய் கூறிய மருத்துவர் மருந்தும் கூறல் வேண்டும் அன்றோ. செய்யாதவிடத்தே என்னும் ஏகாரம், வழி கூறப்பட்டுச் செய்யாமை நிகழ்ந்தாலன்றி நீக்கம் பேசப்படாது என முறை வைத்தது. உரிய காரணங்காட்டி என மீட்டும் கூறியது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது. முன்னைக் காரணம் முன்னேற்றம் போதாமைக்கு. பின்னைக் காரணம் நீக்கத்துக்கு. இரண்டும் வேறு. பரிந்துரைக்கலாம் என்பதிலும் இரண்டு காவல் உள. பரிந்துரைத்தல் நீக்குதலாகாது என்பது ஒன்று. ‘பரிந்துரைக்க’ என்னாது ‘கலாம்’ என்றமையின், பரிந்துரையாமையும் குழுவின் உரிமையே என்பது மற்றொன்று.

“மாணாக்கர் தம் பாடத்தைக் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறல் வேண்டும், வகுப்புத்துணை, ஆய்வுக்கூடப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி தரப்படலாம்.”

வேண்டும் என்பதும் தரப்படலாம் என்பதும் வேறுவேறு ஆற்றலன. பயிற்சி கட்டாயம், பணி துறையின் விருப்பம். 6 மணி என்பது மேலெல்லை. இளநிலை மாணவர்க்கு டைட்ரேஷன் காட்டிக் கொடுத்தலும், அவர் குறிப்பேடு திருத்தலும் இதனுள் அடங்கும். நெறியாளரது இல்லத்துக் கடிதங்களை வங்கிக்குக் கொண்டு செல்லுதலும், அவர்தம் பிள்ளையைப் பள்ளியினின்று அழைத்து வருதலும் எண்ணப்பட்ட மூன்றனுள் அடங்காமையின், அவை ஆய்வு மாணாக்கர் தொழில் அல்ல. ஆசிரியரிடத்து அன்பினாற் செய்யும் உதவியை விதி விலக்கவில்லையே எனின், அன்பினாற் செய்வது மறுக்கவும் இயல்வதாய் இருத்தல் வேண்டும் என்க.

இனி, விதி சொல்லாது விட்டது ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு விதி, ஆய்வேடு தருமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்கில் இரண்டு உரையும் வேண்டும் என்றது. 2022ஆம் ஆண்டு விதி அதனைக் கூறவில்லை. முன் இருந்ததைப் பின் கூறாது விடுதல் விலக்கியது ஆகுமேயன்றி மறந்தது ஆகாது. எனினும் கட்டாயத்தை விலக்கினாரேயன்றி வெளியீட்டை விலக்கிற்றிலர். கட்டாயத்தாற் காசு பெற்று அச்சிடும் போலி இதழ்கள் கொழுத்தமை யாவரும் அறிந்தது. எழுதத்தக்கது உளதாயின் எழுதுக, எண்ணிக்கைக்காக எழுதற்க. தத்தம் பல்கலைக்கழகத்து விதியும் உடன்வைத்து நோக்குக.

“ஆய்வேட்டொடு, பிறர் எழுத்தைக் களவு செய்திலேன் என ஆய்வாளர் உறுதியும், இது புதியது என நெறியாளர் சான்றும் தருக. புறத்தேர்வாளர் இருவர்க்குக் குறையாதார் மதிப்பிடுக. ஆறு திங்களில் முடிக்க. பட்டம் அறிவிக்குமுன்னர் மின்படியை இன்ஃபிளிப்நெட்டுக்கு அளிக்க.”

களவு என்பதன் அளவை 2018ஆம் ஆண்டின் வேறொரு விதி வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டமில்லை. அதன்மேல் 40 வரை ஆறு திங்களுள் திருத்தித் தருதல். அதன்மேல் 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேற்படின் பதிவு நீக்கம். மேற்கோள் குறியிட்டு இசைவொடு எடுத்தனவும், துணைநூற் பட்டியும், பொதுச் சமன்பாடுகளும் குறியீடுகளும் கணக்கில் வாரா. மென்பொருள் காட்டும் எண்ணுக்கு அஞ்சிச் சொல்லை மட்டும் மாற்றியெழுதுவார், எண்ணிற்குத் தப்பினும் களவிற்குத் தப்பார்.

நெறியாளர் சான்றும் என்றமையான், களவுக்கு மாணாக்கர் மட்டும் பொறுப்பாகார். படியாது கையொப்பமிட்டவரும் பொய்ச்சான்று கூறியவரே.

ஆறு திங்களில் முடிக்க என்பது பல்கலைக்கழகத்தை நோக்கிய ஏவல். ஆய்வேடு தந்தபின் உதவித்தொகையும் இன்றி, வேலைக்குப் பட்டச்சான்றும் இன்றி நிற்பாரது நிலையை உன்னி இது வைக்கப்பட்டது. புறத்தேர்வாளருள் ஒருவர் மறுத்தால் மாற்றுத் தேர்வாளர்க்கு அனுப்புக என்றதும், ஒருவர் சொல்லாலேயே உழைப்பு அழியாமைப் பொருட்டு.

அறிவிக்குமுன்னர் என்னும் சொல்லை இறுதியில் நோக்குக. பட்டம் தந்தபின் அளிக்க எனின், அளியாது விடுதற்கும் இடனாம். முன்னர் என்றமையின், ஆய்வேடு இன்ஃபிளிப்நெட்டின் சோத்கங்கா என்னும் மின்களஞ்சியத்தில் யாவர்க்கும் திறக்கப்படுதலும் மதிப்பீட்டின் தொடர்ச்சியாயிற்று. இருவர் மூவர் தேர்ந்ததனை இனி எவ்வூரிலிருந்தும் எவரும் தேரலாம்; அதே கலவையை மீளக் கலக்கி, அதே வெப்பநிலையில் வைத்து, அதே விளைபொருள் வருகின்றதா எனப் பார்க்கலாம் என்றவாறு.