குள்ளத்தன்மை

மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால், வளர்ந்து முடிந்த பிறகும் ஒருவரின் உயரம் 147 சென்டிமீட்டரை (4 அடி 10 அங்குலம்) தாண்டாமல் நின்றுவிடுவதே குள்ளத்தன்மை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொண்டுள்ள அளவும் இதுதான். எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள், சுரப்பிக் குறைபாடுகள் என நூற்றுக்கணக்கான நிலைகள் இந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கின்றன.

அவற்றில் அதிகம் காணப்படுவது அகாண்ட்ரோபிளேசியா. ஏறத்தாழ 25,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. உடற்பகுதி பெரும்பாலும் வழக்கமான அளவில் இருக்கும். மேற்கையும் தொடையும் குறுகியிருக்கும். நெற்றி சற்று முன்தள்ளித் தெரியும். அறிவுத்திறனை இது தொடுவதில்லை. நீளெலும்புகளின் நுனியில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகள் சிறு வயதில் பெருகிப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் கையும் காலும் நீள்கின்றன. அந்த வளர்ச்சிக்கு அளவோடு பிரேக் போடுவது எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், பிரேக் அழுத்தியபடியே நின்றுவிடும். 1994இல் இது கண்டறியப்பட்டது.

இந்தக் குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள். மாற்றம் புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் நிகழ்கிறது. தந்தையின் வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. நம் வீடுகளிலோ கிரகணத்தன்று வெளியே போனாள், ஆகாததைத் தின்றாள் என்று எல்லாப் பழியும் தாயின் தலையில் விழுகிறது. அவள் செய்த எதுவும் இதற்குக் காரணமாகாது என்பதை மகப்பேறு மருத்துவர்கள் முதல் நாளிலேயே குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்.

உடல் முழுவதும் ஒரே விகிதத்தில் சிறுத்திருப்பது வேறு வகை. பிட்யூட்டரிச் சுரப்பி போதிய வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்காததால் வருவது இதில் முக்கியமானது. 1958இல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைச் செலுத்தி ஒரு சிறுவனை வளரச் செய்தார். அப்படி எடுத்த மருந்தின் வழியே சிலருக்கு உயிர்க்கொல்லி மூளைநோய் தொற்றியது 1985இல் வெளிப்பட, அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தில் உருவான ஹார்மோன் வந்து சேர்ந்தது. இந்தக் குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டுகொண்டால் ஊசியால் நல்ல பலன் உண்டு.

இனி குள்ளமானவர்களைச் சமூகம் எங்கே நிறுத்தியது என்ற கதை. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் செனெப் என்ற அரண்மனை அதிகாரி இருந்தார். கிசாவில் அவர் கல்லறையில் கிடைத்த சிலையில் மனைவி அவரைத் தோளோடு அணைத்தபடி இருக்கிறார். மடித்து அமர்ந்த செனெப்பின் கால்கள் தொங்கியிருக்க வேண்டிய இடத்தில் இரு குழந்தைகள் நிற்கிறார்கள். பதவியும் குடும்பமும் உள்ள மனிதராகவே சிற்பி அவரைச் செதுக்கியிருக்கிறான்.

பிற அரசவைகளில் அந்த மதிப்பு அரிது. தமிழிலும் சிலப்பதிகாரம் காட்டும் அரண்மனையில் கூனரும் குறளரும் ஏவலர்கள். கலித்தொகையிலோ அவர்கள் காதலைப் பேசும்போதும் நகைப்புக்கு ஆளாகிறார்கள். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்ற பழமொழி இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அரசவையில் இவர்கள் வேடிக்கை காட்டி வாழ்ந்தார்கள். ஓவியர் வெலாஸ்கெஸ் மட்டும் அவர்களில் ஒருவரான செபாஸ்டியன் டி மோராவை நேருக்கு நேர் பார்க்கும் கண்களோடு தீட்டினார். அந்தப் பார்வையில் கோமாளித்தனம் துளியும் கிடையாது.

அரசவைக்குப் பிறகு சந்தை வந்தது. அமெரிக்கக் காட்சி வணிகர் பி.டி.பார்னம், குள்ளச் சிறுவன் சார்லஸ் ஸ்ட்ராட்டனை நான்கு வயதில் மேடையேற்றினார். இன்னும் சிறிதாகத் தோன்றட்டும் என்று வயதைப் பதினொன்று என விளம்பரப்படுத்தினார். ருமேனியாவின் ஓவிட்ஸ் குடும்பம் தாங்களே இசைக்குழு நடத்தியது. 1944இல் நாஜிகள் அவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றிச்சென்றார்கள். குள்ளமான ஏழு உடன்பிறப்புகளையும் அங்கிருந்த மருத்துவன் மெங்கலே தன் கொடூரச் சோதனைகளுக்கு வைத்துக்கொண்டான். ஏழு பேரும் உயிரோடு மீண்டார்கள்.

1957இல் நடிகர் பில்லி பார்ட்டியின் முயற்சியால் நெவாடாவின் ரீனோ நகரில் கூடியவர்கள், பின்னாளில் ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ என்ற அமைப்பானார்கள். உரிமைக்குரல் அங்கிருந்து வலுத்தாலும் பிழைப்பின் கேள்வி அவ்வளவு எளிதில் தீரவில்லை. மதுக்கூடங்களில் குள்ளமானவரைத் தூக்கி எறியும் கேளிக்கைக்கு விதித்த தடை சரியே என்று 1995இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொன்னது. தடையை எதிர்த்தவர்களில் ஒருவர், எறியப்பட்டுவந்த மானுவல் வாக்கன்ஹைம். வேறு வேலை தராத ஊரில் இந்த வேலையையும் பறிப்பதுதான் தனக்கு இழிவு என்று அவர் வாதிட்டார். 2002இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. தடை நியாயமானது, ஆனால் வேறு வேலை இல்லை என்ற அவர் குறைக்குத் தடை பதிலாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் திரையும் நெடுங்காலம் இவர்களைச் சிரிப்புக்கே வைத்திருந்தது. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்புவுக்குக் காதலும் வஞ்சமும் தந்தது. நடித்தவர் சராசரி உயரமுள்ள கமல்ஹாசன். 2005இல் மலையாளத்தின் ‘அத்புதத்வீப்’ படத்தில் கின்னஸ் பக்ரு தானே கதாநாயகன் ஆனார்.

2021இல் அகாண்ட்ரோபிளேசியாவுக்கான வோசோரிடைட் என்ற மருந்துக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. எலும்பு முதிரும் வரை தினமும் போடும் ஊசி. முக்கியச் சோதனையில் ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு கூடுதல் வளர்ச்சி கிடைத்தது. பெற்றோர் பலர் வரவேற்கிறார்கள். தங்கள் உடலைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்க்கிறார்களே என்று வருந்துவோரும் உண்டு. பேருந்துப் படியும் ஏ.டி.எம். பொத்தானும் தாழ்ந்தால் போதும் என்பது இவர்களில் பலரின் கோரிக்கை.

ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குள்ளமானவர்களுக்கான எஸ்.எச்.6 பாட்மின்டன் பிரிவில் வெண்கலம் வென்றார். குஜராத்தின் கணேஷ் பரையாவின் உயரம் சுமார் மூன்று அடி. அவசரச் சிகிச்சை செய்ய இயலாது என்று கூறி அவருக்கு மருத்துவப் படிப்பை மறுத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவரானார்.