நகைப்புக்குரியது கல்வியா, கல்லாமையா?

பள்ளியையும் ஆசிரியரையும் எள்ளி நகையாடுதல் தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'யில் மூடக் குரு ஒருவரும் அவருடைய சீடர் ஐவரும் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். அக்கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். அது பழிப்பது கல்வியை அன்று. கற்றவர்போல் நடிக்கும் பேதைமையையே. இவ்வேறுபாடு பினாங்கு தந்த கலைஞர் ஒருவரின் படைப்பிலும் விளங்கக் காணலாம்.

பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். மலாய்ப் பள்ளியில் பயின்று, பின்னர் 1816-இல் நிறுவப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் சேர்ந்தார். ஜப்பானியர் படையெடுப்பு அவர் படிப்பைக் குலைத்தது. அவர் இயக்கி நடித்த 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' என்னும் மலாய் நகைச்சுவைப் படம் 1959-இல் வெளிவந்தது. மலாயா விடுதலை பெற்று ஈராண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எழுத்தறியாத பெரியோர்க்குக் கல்வி புகட்டுதல் நாட்டின் பெருந்தேவையாய் இருந்தது.

மணமாகாத மூவர் சிலாட் என்னும் தற்காப்புக் கலையைக் கற்க ஓர் ஆசானை நாடுகின்றனர். வீரம் பயில வந்தவர்களுக்கு எழுத்தே தெரியாது! ஆகவே, ஆசானின் மகள் ரோஸ் நடத்தும் முதியோர் வகுப்பில் ஜாவி எழுத்துப் பயில அமர்கின்றனர். மூவரும் ஆசிரியை மீது காதல் கொண்டவர்கள். பாடத்தில் மனம் செல்லுமா? எழுத்துகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கின்றனர். கூட்டிப் படிக்கும்போதோ, தொடர்பற்ற வேறொரு சொல் வெளிவருகிறது. அரங்கமே சிரிக்கிறது.

இச்சிரிப்பு யாரை நோக்கியது? ஆசிரியை அறிவிலியாகக் காட்டப்படவில்லை. கல்வி வீண் என்றும் சொல்லப்படவில்லை. எழுத்தை ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு என்னும் உண்மையே அங்கு வெளிப்படுகிறது. அரிச்சுவடியை மனப்பாடம் செய்வித்தவுடன் தம் கடமை முடிந்தது என எண்ணும் ஆசிரியர் எவரையும் இக்காட்சி உறுத்தாமல் விடாது.

இதற்கு மாறான போக்கும் உண்டு. அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய 'சிம்ப்சன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொலைக்காட்சித் தொடரில், படிப்பில் பின்தங்கிய பார்ட் என்னும் சிறுவன் பெரும்புகழ் பெற்றான். பின்தங்கியதைப் பெருமையாகப் பறைசாற்றும் வாசகத்துடன் அவன் உருவம் பொறித்த சட்டைகள் விற்பனைக்கு வந்தன. 1990-இல் சில பள்ளிகள் அவற்றைத் தடை செய்தன. எனினும், அத்தொடரிலேயே அவன் தங்கை லிசா அறிவார்வம் மிக்கவள். அவளது தனிமை அப்பள்ளியின் குறையைச் சுட்டுகிறது. தொடரின் நுட்பம் ஒருபுறம் இருக்க, சட்டையில் ஏறியது அண்ணனின் வீறாப்பே.

ஆதலின், பள்ளியைக் கேலி செய்வதனாலேயே ஒரு நகைச்சுவையைக் கல்விக்குப் பகையெனத் தள்ளுதல் தகாது. அச்சிரிப்பு மாணவனைப் புத்தகத்தின்பால் ஈர்க்கிறதா, அதனின்று விலக்குகிறதா என்பதே கேள்வி. ரம்லியின் மூவரைக் கண்டு சிரிக்கும் சிறுவன் அவர்களைப்போல் இருக்க விரும்பான். எழுத்தைக் கூட்டிப் படிக்கவே விரும்புவான். அவனுக்கு அதைக் கற்பிப்பது ஆசிரியர் கடன்.