எண் பொறித்த உறுப்புகள்

செருமானிய லூகர் கைத்துப்பாக்கியின் படங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அதன் உடற்பகுதியில் முழு வரிசை எண் இருக்கும். அதோடு நில்லாமல் விசை, பக்கத்தகடு, காப்புநெம்பு என்று சிறு பாகங்கள் பலவற்றிலும் அவ்வெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைய சேகரிப்பாளர்கள் இவ்வெண்கள் அனைத்தும் ஒத்திருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஒரே ஒரு பாகத்தில் எண் மாறியிருந்தாலும் விலை வெகுவாகச் சரிந்துவிடும். ஆகவே பழைய எண்ணை அரத்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் பொறித்து விற்கும் மோசடியும் நெடுங்காலமாக நடந்து வருகிறது.

ஆனால் அந்த எண்கள் பெருமைக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு துப்பாக்கியின் பாகங்களையும் தொழிலாளி அரத்தால் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பின்னர் அவற்றைப் பிரித்து, கடினப்படுத்துவதற்கும் நிறமேற்றுவதற்கும் அனுப்ப வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பாகங்கள் ஒரே உலையில் கலந்து வெளிவரும்போது எது எதனுடையது என்று அறிய எண் வேண்டும் அல்லவா? ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்தும் என்ற உறுதி இருந்திருந்தால் அத்தனை எண்களுக்குத் தேவையே எழுந்திராது.

எப்பாகமும் எத்துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற கனவு பழையது. 1785-இல் பாரிசில் ஒனோரே பிளாங்க் என்ற கைவினைஞர் துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைக் கலந்து வைத்து, கைக்குக் கிடைத்தவற்றை எடுத்துப் பூட்டிக் காட்டியதை அமெரிக்கத் தூதராக அங்கிருந்த தாமஸ் ஜெஃபர்சன் வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். 1801-இல் ஈலை விட்னி இதையே அமெரிக்கத் தலைவர்கள் முன் செய்து காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அவர் செய்த துப்பாக்கிகளின் பாகங்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவன அல்ல என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறுவினர். புகழ் என்னவோ பாடநூல்களில் விட்னிக்கே நிலைத்துவிட்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் 1820-களில் அதை மெய்யாகவே சாதித்த ஜான் ஹாலைப் பலரும் அறியார்.

லூகருக்கு வருவோம். ஹ்யூகோ போர்ஷார்ட்டின் 1893-ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து கியோர்க் லூகர் செதுக்கி எடுத்தது அது. சுவிட்சர்லாந்து 1900-இலும், செருமானியக் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் ஏற்றன. முழங்கால்போல மடிந்து நிமிரும் அதன் பூட்டமைப்பு அழகானது. ஆனால் துல்லியமான பொருத்தத்தை வேண்டுவது. வேறொரு லூகரின் பாகம் பெரும்பாலும் பொருந்தத்தான் செய்யும். எனினும் ‘பெரும்பாலும்’ என்ற சொல் போர்க்களத்துக்கு உதவாது. முதல் உலகப் போரிலும் அதன் பின்னும் படைப் பட்டறைகளில் எண் மாறிய லூகர்கள் பெருகின. இரண்டாம் உலகப் போரில் செஞ்சேனையிடம் சிக்கியவை கிடங்குகளில் பிரித்துக் குவிக்கப்பட்டு, எண் எதுவாயினும் பூட்டப்பட்டு, புது நிறம் பூசப்பட்டன.

அமெரிக்கா 1911-இல் ஏற்ற ஜான் பிரௌனிங்கின் கைத்துப்பாக்கியின் கதை வேறு. படைக்கென்று செய்தவற்றில் பொதுவாக வரிசை எண் அடிச்சட்டத்தில் மட்டுமே இருக்கும். மேலே நழுவும் ஸ்லைடுக்கோ, குழலுக்கோ, விசைக்கோ கிடையாது. அதைப் பிரிக்கத் தனிக்கருவியும் வேண்டாம். அதன் ஒரு பாகமே இன்னொன்றைக் கழற்றும் கருவியாகிவிடும். பழுதை நீக்குவதையும் மனத்தில் கொண்டு வரையப்பட்ட வடிவம் என்றே தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வடிவம் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகிய நிறுவனங்களிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் தட்டச்சுப் பயிலகங்களில் பழகியவர்களுக்கு ரெமிங்டன் அறிமுகமான பெயர். ரெமிங்டன் ராண்டின் தொழில் தட்டச்சுப்பொறி. நான்காவது நிறுவனத்தின் தொழில் இரயில்வே சமிக்ஞை. நான்கு ஊர்களில் செய்த பாகங்கள் ஒரே துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. சோதனை எளியது, இரக்கமற்றது. வெவ்வேறு துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மீண்டும் பூட்டிச் சுட வேண்டும். 1943-இன் தொடக்கத்தில் ரெமிங்டன் ராண்ட் இதில் தோற்றது, உற்பத்தி நிறுத்தப்பட்டது. குறைகளைக் களைந்தபின் அந்நிறுவனமே மற்றெவரையும் விட அதிகமாக, எட்டு இலட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது.

தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கரும் 1941-இல் பயிற்சி ஒப்பந்தமாக ஐந்நூறு செய்து கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சிங்கர் தன் தையல் இயந்திரப் பாகங்களை அரத்தால் பொருத்தி எண் பொறித்தே வந்தது என்பதை டேவிட் ஹௌன்ஷெல் 1984-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். லூகர் செய்ததும் அதையேதான்.

எல்லாத் துப்பாக்கியிலும் எல்லாப் பாகமும் பொருந்த வேண்டுமானால் பாகங்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டாக வேண்டும். அதனால்தான் அப்படைத்துப்பாக்கிகளைக் குலுக்கினால் சலசலக்கும். அந்தத் தளர்ச்சியைக் குறையென்று எள்ளுவோர் உண்டு. அந்த இடைவெளிதான் அதன் ஆயுள் என்பேன். 1945-க்குப் பின் நெடுங்காலம் அமெரிக்கப் படை இவ்வகையைப் பொதுப் பயன்பாட்டுக்கெனப் புதிதாக வாங்கவில்லை. 1985-இல் பெரெட்டா வரும்வரை நாற்பதாண்டுகள், இருந்தவற்றையே அகஸ்டா, ராக் ஐலண்டு போன்ற படைக்கலச் சாலைகளில் பிரித்துக் குவித்து, தேய்ந்ததை நீக்கி, கிடைத்ததைப் பூட்டிக் காலத்தை ஓட்டினர். ஆனால் அதே படை, ஓஹையோவின் கேம்ப் பெரி குறிசுடும் போட்டிகளுக்கென்று 1950-களில் தேர்ந்த துப்பாக்கிகளை வேண்டியபோது மீண்டும் அரத்தையே கையில் எடுத்தது. இறுக்கிப் பொருத்திய அவற்றின் பாகங்கள் வேறெதிலும் அப்படியே பொருந்தா.

பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் கண்ணோடு பார்த்தால், எண் மாறிய துப்பாக்கி எனக்குக் கெட்டுப்போன ஒன்றாகத் தோன்றவில்லை. எந்த ஆண்டின் எந்தப் பாகம் எங்கே மாற்றப்பட்டது என்று அது தானே சொல்கிறது. எண்ணை அழித்து ஒத்திசைய வைப்பவன் பாடத்தைத் திருத்துகிறான். அதை ஏடு புதுக்கியதாக எப்படிச் சொல்வது?

2018 முதல் அமெரிக்கக் குடிமக்கள் குறிசுடும் திட்டம் என்ற அமைப்பு, படை கைவிட்ட 1911 வகைத் துப்பாக்கிகளைத் தரம் பிரித்து விற்கத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் அடிச்சட்டத்தில் இன்னொரு நிறுவனத்தின் ஸ்லைடும், மூன்றாவது ஒன்றின் குழலும் கொண்டவை அவற்றுள் சர்வ சாதாரணம். பட்டறைகள் பதித்த மறுசீரமைப்பு முத்திரைகள் பலவற்றில் இன்னும் மங்காமல் இருக்கின்றன.