சேந்தமங்கலம் வழியாக வந்த இரண்டு தீர்ப்புகள்

செத்துப்போன ஒருவருக்காக உயிரோடு இருப்பவர்கள் இனி ஏதாவது செய்ய முடியுமா? எங்கள் பக்கம் இதை யாரும் தத்துவக் கேள்வியாகக் கேட்பதில்லை. கருமாதி, திதி, ஆடி அமாவாசை என்று செய்துவிட்டுப் போவார்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். பாப்டிஸ்ட் சபைக்குப் போகிற குடும்பத்துக்கு அது இன்னொரு சாதாரண நாள். அன்பு இல்லாமல் இல்லை. செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அவர்களுடைய விசுவாசம். கடைசி மூச்சோடு எல்லாம் முடிவாகிவிட்டது.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் இரண்டு அத்தியாயங்கள் எங்க ஊருக்குப் பக்கத்து மலையைச் சுற்றியே நடந்தன. தம்மம்பட்டிக்குத் தென்மேற்கே கொல்லிமலை. அந்த மலையைத் தாண்டினால் மேற்கு அடிவாரத்தில் சேந்தமங்கலம். 1623இல் ஒரு இத்தாலியர் அந்த ஊருக்கு வந்தார். ஏறத்தாழ முந்நூறு வருஷம் கழித்து ஒரு ஆங்கிலேயர் அங்கிருந்து மலையேறினார். இருவரும் கிறிஸ்தவர்கள். இருவரும் கடைசி நியாயத்தீர்ப்பை நம்பினார்கள். ஆனால் இருவரும் கொண்டுவந்தது ஒரே தீர்ப்பு அல்ல.

*

தீர்ப்பு என்ற எண்ணமே ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எமனும் சித்திரகுப்தனும் அதற்கு முன்பே இங்கே ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது, கையில் ஏடும் எழுத்தாணியுமாக. எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்ற பட்டியலைக் கருட புராணம் விலாவாரியாகத் தருகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் நரகம் என்பது ஜெயில் மாதிரி. தண்டனைக் காலம் முடிந்தால் வெளியே வந்து அடுத்த பிறவி எடுக்கலாம். சொர்க்கமும் அப்படித்தான், புண்ணியம் தீர்ந்தால் இறங்கியாக வேண்டும். இரண்டுமே நடுவில் தங்குகிற இடங்கள். மோட்சம் என்பது இந்த ஓட்டத்தைவிட்டே வெளியேறுவது.

கிறிஸ்தவம் தமிழில் பேச ஆரம்பித்தபோது இதே சொற்களைத்தான் எடுத்துக்கொண்டது. நரகம், மோட்சம், பாவம், புண்ணியம். சொல் பழையது, அர்த்தம் மாறிவிட்டது. முன்னால் 'நித்திய' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் நரகத்தின் கதவு உள்ளே போக மட்டும் என்றாகிவிட்டது. ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. இங்கே கேட்டவர்களுக்குப் புதிதாக இருந்தது தீர்ப்பு அல்ல, அதன் இறுதித்தன்மை.

*

1623இல் வந்தவர் ராபர்ட் டி நொபிலி. காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, சந்நியாசியாக வாழ்ந்த இயேசு சபைக் குரு. மதுரையிலிருந்து வடக்கே கிளம்பியவர் சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கரைச் சந்தித்தார். பிறகு சேலம் போனார். அங்கே ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர், ஆட்சியை இழந்து தங்கியிருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

நொபிலியின் தமிழ் உரைநடை நூல்களில் ஒன்றின் பெயர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்'. இன்னொன்று 'நித்திய ஜீவன சல்லாபம்'. தலைப்புகளைப் பார்த்தாலே சண்டை எங்கே என்று புரிந்துவிடும். முன்பிறவியின் ஞாபகமே இல்லாதவனுக்கு அதன் பலனாகக் கிடைக்கிற துன்பம் எப்படித் தண்டனையாகும் என்பது மறுபிறவிக்கு எதிராகக் கிறிஸ்தவத் தரப்பு வழக்கமாக வைக்கிற வாதம். ஒரே உயிர், ஒரே உடல், ஒரே வாய்ப்பு.

சரி, அந்த ஒரே வாய்ப்பில் தேறிவிட்டோமா என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது என்றது நொபிலியின் சபை. 1547இல் திரெந்து பொதுச்சங்கம் இதை எழுதியே வைத்தது: கடவுள் தனியாக வெளிப்படுத்தினால் ஒழிய, கடைசிவரை நிலைத்திருப்பேன் என்று யாரும் முழு நிச்சயத்தோடு சொல்லிக்கொள்ள முடியாது. அருளைச் சாவான பாவத்தால் இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தில் திரும்பப் பெறலாம், மறுபடியும் இழக்கலாம். சின்னக் கறைகளோடு செத்தவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நம்முடைய ஜெபமும் பூசையும் உதவும். கல்லறைத் திருநாள் மெழுகுவர்த்தியின் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கைதான்.

ராஜ்யத்தை இழந்த திருமங்கல நாயக்கருக்குக் கிடைத்த புது ராஜ்யமும் கடைசி மூச்சுவரை இழக்கக்கூடியதுதான்.

*

இதே காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கேள்வியைச் சுற்றிப் பெரிய அடிதடி நடந்துகொண்டிருந்தது. மனிதன் மீட்கப்படுவதில் கடவுளின் அருள் எவ்வளவு, மனிதனின் சம்மதம் எவ்வளவு என்று இயேசு சபையும் தொமினிக்கன் சபையும் ரோமில் பல ஆண்டுகள் மோதின. 1607இல் ஐந்தாம் பால் போப், யாரும் யாரையும் பதிதர் என்று சொல்லக்கூடாது என்று சொல்லித் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். தீர்ப்பு நாளைப் பற்றிய வழக்குக்கே தீர்ப்பு வரவில்லை!

புராட்டஸ்டண்ட் பக்கம் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்தில் 1618-19இல் ஒரு சங்கம் கூடியது. அது கறாராக முடிவெடுத்தது: கடவுள் தெரிந்துகொண்டவர் விழலாம், தடுமாறலாம், ஆனால் கடைசியில் தொலைந்துபோக மாட்டார். பிடித்திருப்பது அவருடைய கை அல்ல, கடவுளின் கை. நித்தியப் பாதுகாப்பு என்று இன்று சபைகளில் பேசப்படுகிற போதனையின் வேர் இங்கே இருக்கிறது. இதை ஏற்காத புராட்டஸ்டண்டுகளும் ஏராளம். மெதடிஸ்ட் சபையின் ஜான் வெஸ்லி ஏற்கவில்லை. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் 'பின்மாற்றக்காரர்' என்று ஒரு சொல் புழங்குகிறதே, அதன் பொருளே நிஜமாக இருந்ததை இழந்தவர் என்பதுதான்.

தமிழ் வைணவத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டை எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். வடகலை, தென்கலை வித்தியாசத்தை மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இப்படிச் சொல்வார்கள். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்திய அருள் மார்க்கங்களையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டோர்ட்டின் பூனை எல்லாக் குட்டிகளையும் கவ்விக்கொண்டு போகாது. தெரிந்துகொண்ட குட்டிகளை மட்டும்தான். நிச்சயத்துக்கு அவர்கள் கொடுத்த விலை இது. என் பெயர் அழியாமல் எழுதப்பட்டிருக்கிறது என்றால், எழுதப்படாத பெயர்களும் இருக்கின்றன.

*

முந்நூறு வருஷம் கழித்து சேந்தமங்கலத்துக்கு வந்தது இந்த இரண்டாவது தீர்ப்பு. 1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சேலம், நாமக்கல் சமவெளியில் வேலை செய்தது. 'ஸ்ட்ரிக்ட்' என்பது நற்கருணையைப் பற்றியது, முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற தங்கள் விசுவாசிகளுக்கு மட்டுமே கொடுப்பார்கள். இவர்களுடைய இன்னொரு அடைமொழி 'பர்ட்டிகுலர்'. கிறிஸ்து மரித்தது எல்லோருக்காகவும் அல்ல, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே என்று அர்த்தம்.

அப்படி நம்புகிறவர்கள் எதற்காகக் கப்பல் ஏறணும்? யார் மீட்கப்படுவார்கள் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்றால் கொல்லிமலை ஏறி மலேரியாவில் சாக வேண்டிய அவசியம் என்ன? இதே கேள்வியில் பதினெட்டாம் நூற்றாண்டு பாப்டிஸ்டுகள் பலர் முடங்கிக் கிடந்தார்கள். 1785இல் ஆண்ட்ரூ ஃபுல்லர் எழுதிய புத்தகம் முடக்கத்தை உடைத்தது: யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பது கடவுளுக்கு மட்டுமே தெரியும், ஆகவே எல்லோரிடமும் சொல்வது நம் கடமை. 1792இல் மிஷன் தொடங்கி, அடுத்த வருஷம் வில்லியம் கேரி வங்காளம் வந்தார்.

ஜெஸி பிராண்ட் 1907இல் இந்தியா வந்தார். 1913இல் எவலினைத் திருமணம் செய்து இருவரும் கொல்லிமலையில் குடியேறினார்கள். அடுத்த வருஷம் பிறந்த மகன்தான் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்ட மருத்துவர். ஜெஸி பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார். முதல் சில ஆண்டுகள் ஞானஸ்நானத்துக்கு யாரும் வரவில்லை. மலைக்கோயில் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார்.

பிறகு 1918இன் இன்ஃப்ளூயன்சா. இந்தியா முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொல்லிமலையையும் அது விடவில்லை. எதிர்த்துவந்த அந்தப் பூசாரி படுத்தார். மற்றவர்கள் நெருங்கப் பயந்தபோது பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார்கள். சாவதற்கு முன் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். குழந்தையை அவர்கள் வளர்த்தார்கள். மலையில் முதல் சபை அதற்குப் பிறகுதான் கூடியது.

இந்தக் கதையை மிஷனரி வாழ்க்கை வரலாறுகள் திருப்புமுனையாகச் சொல்லும். எனக்கு அந்தப் பூசாரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அவருடைய தீர்ப்பு என்ன? ஞானஸ்நானம் இல்லை, அறிக்கை செய்த வாழ்க்கை இல்லை. பெற்ற பிள்ளையை நம்பி ஒப்படைத்த ஒரு செயல் இருக்கிறது. அதற்கு விசுவாசம் என்று பேர் வைக்கலாமா?

*

இங்கே வெகுமதி என்ற விஷயத்துக்கு வர வேண்டும். நுழைவு இலவசம், அதுவும் நிரந்தரம் என்றால் நல்லவனாக இருந்து என்ன லாபம் என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அஸ்திவாரத்தின்மேல் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள், சிலர் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல்லால், சிலர் மரம், புல், வைக்கோலால். தீ சோதிக்கும். நின்றால் கூலி உண்டு. எரிந்தால் நஷ்டம், ஆனால் ஆள் தப்பித்துவிடுவார். ஐடி கம்பெனி பாஷையில் சொன்னால் வேலை போகாது, ஆனா அப்ரைசல் உண்டு. (மரச்சிற்பத்தால் பெயர் வாங்கிய தம்மம்பட்டிக்காரர்கள் மரத்தைத் தோற்கிற வரிசையில் வைத்ததற்குப் பவுலிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.)

இன்னொரு கடிதத்தில் எல்லோரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்க வேண்டும் என்கிறார். கிரேக்கத்தில் 'பேமா'. கொரிந்து நகரத்தில் அப்படிப்பட்ட கல்மேடையை அகழ்ந்தே எடுத்திருக்கிறார்கள். பரிசைக் குறிக்கும் சொல் 'ஸ்தெஃபானோஸ்'. தமிழ் வேதாகமத்தில் இது 'கிரீடம்' ஆனதால் நமக்கு ராஜா ஞாபகம் வருகிறது. உண்மையில் அது ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் தலையில் வைக்கிற இலை வளையம். தமிழில் அதற்கு நேர் வழக்கு வாகை சூடுவது.

விசுவாசிகளுக்கு வெகுமதிக்காக ஒரு விசாரணை, மற்றவர்களுக்குத் தண்டனைக்காக வேறொன்று என்று இரண்டாகப் பிரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெதரன் சபையினரால் பரவிய வாசிப்பு. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. பழைய கால்வினியர்கள் பொதுவாக ஒரே தீர்ப்பு நாள் என்பவர்கள். எப்படியானாலும் முன்வாசலில் வெளியேற்றிய சித்திரகுப்தன் ஏட்டோடு பின்வாசலில் உள்ளே வந்துவிட்டார். வித்தியாசம் ஒன்றுதான், இனி அவர் ஏட்டால் யாரையும் வெளியே தள்ள முடியாது.

*

ஜெஸி பிராண்ட் 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. எவலின் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்து, அறுபது வயதைத் தாண்டியதும் ஓய்வு கொடுத்தது. அவர் ஓயவில்லை. கொல்லிமலைக்கே திரும்பினார். பிறகு கல்வராயன், பச்சைமலை என்று கணவர் போக நினைத்த மலைகளுக்கெல்லாம் மட்டக்குதிரையில் ஏறிப்போனார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம்.

தன் இடம் உறுதி என்று நம்பியவர் எதற்காக இவ்வளவு அலைந்தார்? கூலிக்காக என்று சொல்லலாம். நிச்சயம் உள்ளவன் சோம்பேறியாவான் என்ற பழைய குற்றச்சாட்டு இங்கே தவறிவிட்டது என்றும் சொல்லலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. செத்தவருக்காக ஒன்றும் செய்ய முடியாது என்று நம்புகிற ஒருவருக்கு, செய்ய வேண்டியது எல்லாம் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் வந்து குவிந்துவிடுகிறது. பூசாரிக்காகப் பூசை வைக்க பிராண்ட் தம்பதிக்கு வழியில்லை. மெழுகுவர்த்தி ஏற்றவும் வழியில்லை. குழந்தையை வளர்க்க மட்டும்தான் முடியும்.

ஆனால் அந்தக் குழந்தை பெரியவளாகி, "எங்கப்பா இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டால்? முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியாரிடம் ஜப்பானியர்கள் தங்கள் முன்னோர்களுக்காக அழுதார்கள். அன்று அவரிடம் ஆறுதல் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் மனசாட்சியின்படி வாழ்ந்தவர்களும் மீட்படையலாம் என்று எழுதியது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்டுகளிடம் அந்த வாசல் இல்லை. அவர்களிடம் இருப்பது தங்கள் போதனையின் இன்னொரு பக்கம்: புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது எந்த மனிதனுக்கும் தெரியாது. ஆகவே யார் பெயர் இல்லை என்று சொல்லவும் எந்த மனிதனுக்கும் உரிமை கிடையாது. பூசாரியின் மகளுக்கு அவர்கள் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் அந்த அளவுதான்.