சடக்குப் போட்ட கைகளுக்குக் காவல்



ஈப்போ ரயில் நிலையத்தைக் காணாத பேராக்வாசிகள் குறைவு. 1917-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகைக்குத் திட்டம் வரைந்தவர் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் என்று வரலாறு சொல்கிறது. ஆனால், அங்கே மண் வெட்டியவர், கல் சுமந்தவர், சாரத்தில் ஏறியவர் பெயரை யார் சொல்கிறார்கள்? அவர்களில் ஒருவர் தவறி விழுந்திருந்தால் அவர் குடும்பத்தின் கதி என்ன? இந்தக் கேள்விக்கு நம் நாடு விடை கண்ட கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

மலாயாவின் முதல் கம்பிச்சடக்கு நம் பேராக்கில்தான் போடப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை, 8 மைல் தூரம் ரயில் ஓடியது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அந்தப் பாதையை அமைத்தனர். பின்னர் ரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். சதுப்பிலே மலேரியா, மலை வெட்டிய இடத்திலே மண்சரிவு, காய்ச்சிய தாரிலே தீப்புண். இவற்றையெல்லாம் 'தலைவிதி' என்று சொல்லித்தான் நம் முன்னோர் மனத்தைத் தேற்றிக்கொண்டனர்.

விதி என்றதைச் சட்டம் மெல்ல மெல்லப் பொறுப்பு என்று மாற்றியது. 1952-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1971-இல் தோன்றியது. இரண்டும் நல்லவையே. ஆயினும் விரல் போன பிறகு கிடைக்கும் பணம் விரலாகுமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோலத்தான்.

விபத்தை முன்கூட்டியே தடுக்க 1967-இல் தொழிற்சாலை, எந்திரச் சட்டம் வந்தது. அது தொழிற்சாலையையும் எந்திரத்தையும் கட்டுமானத்தையும் மட்டுமே கவனித்தது. தோட்டத்து வெளிக்காட்டில் முதுகில் தோம்பு சுமந்து மருந்தடித்த பெண்ணுக்கு அதில் இடமில்லை.

1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. 1994-இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அதில் விவசாயமும் அடங்கியது. அரசாங்க இலாகாக்களும் அடங்கின. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது சட்டம்.

ஆனால், சாலையோரம் கால்வாய் வெட்டும் சிறிய குத்தகைக் கூட்டத்தில் 40 பேர் ஏது? அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம். 5 பேர் வேலை செய்தாலே, அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக முதலாளி நியமிக்க வேண்டும். குழியின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா, அடியில் மின்கம்பி ஓடுகிறதா, வாகனங்களை நிறுத்தக் கொடி பிடிப்பவர் நிற்கிறாரா என்று வேலை தொடங்குமுன் பார்ப்பது அப்படிப்பட்டவரின் கடமை. அவரை நியமித்ததோடு முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகவும் அந்தத் திருத்தம் உரிமை தருகிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது.

நேயர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம் பிள்ளைகள் பலர் சாலை வேலைக்கும் நகராண்மைக் கழக வேலைக்கும் போகிறார்கள். உங்கள் மகன் வேலைக்குச் சேர்ந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "தம்பி, அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார்?" பதில் சொல்லத் தெரியாமல் அவன் விழித்தால், மறுநாளே விசாரித்து வரச் சொல்லுங்கள். பாட்டன்மாருக்குக் கேட்க வாய்ப்பில்லாத கேள்வி அது. பேரன் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.